உருமாற்றமா, புற்றியல்பேற்றமா?

ஐயா, வணக்கம்.

புற்று வைரஸ்கள் பற்றி நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளுக்காக நாம் தேடும் தமிழ்ச் சொற்களில், டிரான்ஸ்ஃபர்மேஷனுக்கு (இயல்பான செல் புற்றுச் செல்லைப் போல மாறுவதற்கு) நீங்கள் சொன்ன ‘உருமாற்றம்’ வாய்க்கு நன்றாக வருகிறது. ஆனால் புழு பட்டாம்பூச்சியாவதற்கும் பாடப்புத்தகத்தில் அதே சொல்தான். ‘புற்றாக்கம்’ ஏற்கெனவே கார்சினோஜெனிசிஸுக்கு, அதாவது உடலில் புற்றுநோய் உருவாவதற்குப் போய்விட்டது.

தட்டில் வளர்க்கும் இயல்பான செல்கள் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் பெருகுவதை நிறுத்தி, ஒற்றை அடுக்காகப் பரவிக் கிடக்கும். கோழிகளுக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கும் ரவுஸ் சார்கோமா வைரஸ் புகுந்த கோழிச் செல்லோ நிற்காது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியும். 1958-ல் டெமின், ரூபின் என்ற ஆய்வாளர்கள் அந்தக் குவியல்களை எண்ணித்தான் வைரஸின் அளவைக் கணக்கிட்டார்கள். தட்டில் நாம் பார்ப்பது இவ்வளவுதான். உடலில் அது கட்டியாக வளருமா என்பது அடுத்த கேள்வி. செல் புற்றின் இயல்பை ஏற்றுவிட்டது, அவ்வளவே. ஆகவே ‘புற்றியல்பேற்றம்’ என்கிறேன். கொஞ்சம் நீளம், ஆனால் பிரித்தால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். தொட்டதும் நிற்கும் குணத்துக்குத் ‘தொடுநிறுத்தம்’, குவியலுக்குக் ‘குவை’. சரியா?

புற்று உண்டாக்கும் வைரஸுக்குப் பாறசாலை அக்கா கேட்ட ‘அர்புத வைரஸ்’ வேண்டாமே. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அர்புதம் என்றால் புற்றுநோய், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வரும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சொல்தான். ஆனால் தமிழ் எழுத்தில் படிக்கிறவர் ‘அற்புத வைரஸ்’ என்றே படிப்பார். நோயாளி கையில் கொடுக்கும் தாளில் அந்தக் குழப்பம் கூடாது. ‘புற்று வைரஸ்’ போதும்.

நான் விட்டுக்கொடுக்க முடியாதது புரோட்டோ-ஆன்கோஜீனுக்கான சொல், அதாவது கட்டுப்பாடு கழன்றால் புற்றை வளர்க்கக்கூடிய இயல்பான மரபணுவுக்கானது. ‘முன்புற்று மரபணு’ என்று போட்டால், புற்றுக்கென்றே நம் உடம்பில் ஒரு மரபணு பிறந்திருப்பதாகத்தான் படிப்பவர் நினைப்பார். நடந்தது நேர்மாறு. 1976-ல் பிஷப், வார்மஸ் ஆய்வுக் குழுவினர், ரவுஸ் வைரஸின் ‘சார்க்’ மரபணு நோயற்ற பறவைகளின் செல்களிலும் இருப்பதைக் காட்டினார்கள். வைரஸ்தான் அதைச் செல்லிடமிருந்து எடுத்துக்கொண்டது. செல்லுக்குள் அதன் வேலை, வளர்ச்சிக்கான சைகைகளைக் கடத்துவது. வைரஸிடம் போனபின் கட்டுப்பாடு கழன்றுவிட்டது. அதனால் செல்லில் இருப்பது ‘இயல்வளர் மரபணு’, தறிகெட்டபின் ‘புற்றுவளர் மரபணு’. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உறவும் தெரியும், வேறுபாடும் தெரியும்.

அப்புறம் எச்.பி.வி. என்ற மனித பாப்பிலோமா வைரஸ். கருப்பைவாய்ப் புற்றில் இதன் வழியே வேறு. இதன் ஈ6, ஈ7 மரபணுக்கள் வைரஸின் சொந்தச் சரக்கு. ஈ6 புரதம் செல்லின் பி53-ஐச் சிதைக்க வைக்கிறது, ஈ7 ஆர்பி-யை முடக்குகிறது. பி53, ஆர்பி இரண்டுக்கும் அக்கா வைத்த ‘புற்றுத்தடைப் புரதம்’ அப்படியே இருக்கட்டும். ஈ6, ஈ7-ஐப் புற்றுவளர் மரபணுவின் கீழே சேர்ப்பதா, தனித் தலைப்பா? நான் தனித் தலைப்பு என்பேன். நீங்கள் சொல்லுங்கள் ஐயா.