ரிச்சி பிளாக்மோர்: உச்சியில் இருந்தபோதெல்லாம் ஏன் இறங்கிப் போனார்?

ஆறாம்தந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிட்டார் கற்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. ஊரில் எல்லோரும் பிடிக்கிற முதல் ரிஃப்பைத்தான் (பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற சின்ன கிட்டார் மெட்டு) நானும் பிடித்தேன், ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. வாசித்தவர் யார் என்று தேடப் போனவன், ஒரு மாதமாக அவருடைய ராக் குழுக்கள் டீப் பர்ப்பிள், ரெயின்போ என்று அதிலேயே கிடக்கிறேன்.

ரிச்சி பிளாக்மோரின் வாழ்க்கையில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. டீப் பர்ப்பிள் உலகத்திலேயே பெரிய குழுக்களில் ஒன்றாக இருந்தபோது, 1975இல் விட்டுவிட்டுப் போகிறார். அடுத்துத் தானே ஆரம்பித்த ரெயின்போவில் ரோனி ஜேம்ஸ் டியோ மாதிரி ஒரு குரல் கிடைக்கிறது, மூன்று ஆல்பத்தோடு அவரும் இல்லை. 1984இல் பர்ப்பிள் மறுபடி சேர்கிறது, 1993இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே மறுபடி போய்விடுகிறார். அப்புறம் ஹார்ட் ராக்கையே விட்டுவிட்டு, பழங்கால ஐரோப்பிய உடை போட்டுக்கொண்டு நாட்டுப்புற இசை வாசிக்கிறார்.

இது திமிரா, இல்லை வேறு ஏதாவதா? இவர் வாசிப்பைப் பிடித்துப்போனதால் கேட்கிறேன். ஆளையும் பிடிக்கலாமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பேஸ்_பாலா எழுதியது:

திமிர்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ரெயின்போவின் ஸ்டுடியோ ஆல்பங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். எந்த இரண்டு ஆல்பத்திலும் ஒரே ஆட்கள் இல்லை. முதல் ஆல்பத்தை, டியோ பாடிக்கொண்டிருந்த எல்ஃப் குழுவை வைத்துப் பதிவு செய்தார், முடிந்ததும் டியோவைத் தவிர அத்தனை பேரையும் அனுப்பிவிட்டார். மேடை ஏறுவதற்கு முன்பே! அடுத்த ஆல்பத்தின் பேஸ்காரர் ஜிம்மி பெய்ன், கீபோர்டுக்காரர் டோனி கேரி, அவர்களும் அப்படியே. நான் பேஸ் வாசிக்கிறவன், எனக்கு இது சும்மா ஒரு தகவல் இல்லை. பர்ப்பிளின் பாடகர் இயன் கில்லனோடு அவருக்கு இருபது வருடப் பகை. 1989இல் கில்லனை நீக்கிவிட்டு ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னரை பர்ப்பிளுக்குக் கொண்டுவந்தார்கள், அந்த ஏற்பாடும் ஒரே ஆல்பத்தோடு சரி.

கை தங்கம். மனுஷனோடு ஒரு வேனில் ஊர் ஊராகப் போக முடியாது.

மெல்லிசை_கிட்டார் எழுதியது:

தம்பி ஆறாம்தந்தி, பாலா சொன்னதில் ஒரு வரியும் பொய் இல்லை. ஆனால் அவர் இரண்டு கணக்கை ஒன்றாகக் கூட்டிவிட்டார். பிளாக்மோர் விலகியது ஒரு கணக்கு, பிறரை விலக்கியது இன்னொரு கணக்கு. நான் இவரை நாற்பது வருடமாகக் கேட்கிறேன். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் ஆள் புரிகிறார்.

முதலில் விலகியது. இவர் 1945இல் வெஸ்டன்-சூப்பர்-மேரில் பிறந்தவர், வளர்ந்தது லண்டன் பக்கம் ஹெஸ்டனில். பதினோரு வயதில் அப்பா ஒரு ஃப்ராமஸ் கிட்டார் வாங்கித் தருகிறார், ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதனால் முதல் ஒரு வருடம் கிளாசிகல் பாடம். சுண்டுவிரல் அவருக்கு அவ்வளவு சரளமாக ஓடுவது அந்த ஒரு வருடத்தால்தான். 60களில் ஜோ மீக் என்ற தயாரிப்பாளரிடம் கூலிக்கு வாசித்தார். யாரோ பாடுகிற பாட்டுக்குச் சொன்னதை வாசித்து, காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வேலை. அதைச் செய்து பழகியவனுக்கு ஒன்று தெரியும்: மனசு ஒட்டாமல் வாசிப்பது எப்படி இருக்கும் என்று. எனக்கும் தெரியும். பத்தொன்பது வருடம் மெல்லிசைக் குழுவில் அதைத்தான் செய்தேன்.

1968இல் டீப் பர்ப்பிள். 1969இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆர்கெஸ்ட்ராவோடு கச்சேரி. அது குழுவின் ஆர்கன்காரர் ஜான் லார்டின் கனவு, பிளாக்மோருக்கு அதில் மனம் போகவில்லை. அடுத்து ஒரு கனமான ராக் ஆல்பம் போடலாம் என்று அழுத்திச் சொன்னவர் அவர்தான். 1970இல் ‘இன் ராக்’ வந்தது, குழுவின் தலையெழுத்தே மாறியது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் மோன்த்ரே. ஃப்ராங்க் சாப்பாவின் கச்சேரியில் யாரோ சுட்ட ஒளிக்குண்டில் கேசினோ எரிந்துபோன கதை உனக்குத் தெரிந்திருக்கும், பாட்டே அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பாட்டின் இசைத்தடம் பதிவானது எப்படி தெரியுமா? பெவிலியன் என்ற அரங்கத்தில், நள்ளிரவில். ஊரே தூக்கம் கெட்டுப் புகார் சொல்லி, வெளியே போலீஸ் கதவைத் தட்டுகிறது. உள்ளே குழுவின் ஆட்கள் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்க, இவர்கள் வாசித்து முடித்தார்கள். மீதி ஆல்பத்தை மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் பதிவு செய்தார்கள்.

அப்படிப் பதிவு செய்த குழு, 1974இல் ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ ஆல்பத்துக்கு வரும்போது ஃபங்க், சோல் என்ற அமெரிக்க இசைப் பாணிகள் பக்கம் சாய்ந்துவிட்டது. குழுவின் பேஸ்காரர் கிளென் ஹ்யூஸ் பாடினால் எனக்கு உயிர். ஆனால் பிளாக்மோர் வாசிக்க நினைத்தது அது இல்லை. குவாட்டர்மாஸ் குழுவின் பழைய பாட்டு ஒன்றைச் செய்யலாம் என்றார், மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். அதை டியோவை வைத்துத் தனியாகப் பதிவு செய்யப் போனதுதான் ரெயின்போவாக வளர்ந்தது. 1975 ஏப்ரல் 7, பாரிஸ். அதுதான் அந்த முறை பர்ப்பிளோடு கடைசிக் கச்சேரி. பணமும் கூட்டமும் அங்கேதான் இருந்தது. விட்டுவிட்டு எழுந்துபோனார். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, தம்பி. பிடிக்காததை வாசித்து ரசிகனை ஏமாற்றவில்லை.

அடுத்த வருடமே அதற்கு விடை கிடைத்தது. மியூனிக்கில் பதிவான ‘ரைசிங்’. முழு ஆல்பமும் 34 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதில் ‘ஸ்டார்கேசர்’ மட்டும் எட்டு நிமிஷத்துக்கு மேல். கோஸி பவல் டிரம்மை உருட்டி ஆரம்பித்து வைக்க, பின்னால் மியூனிக் ஃபில்ஹார்மோனிக் வருகிறது. அந்தக் காலத்தில் அவர் செல்லோ கற்றுக்கொண்டிருந்தார், அதிலிருந்து பிறந்த மெட்டு அது. இன்றைக்கு இரவு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேள். சோலோவில் ஸ்ட்ரிங்கை எவ்வளவு நிதானமாக வளைக்கிறார் பார். அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் ஃபிரெட்போர்டில், அதாவது விரலை அழுத்துகிற பலகையில், ஃபிரெட் கம்பிகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கி வைத்திருப்பார். விரல் மரத்தில் படாது, ஸ்ட்ரிங் மட்டும்தான் கையில். கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் சுருதி போய்விடும். அப்படி ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு வாசிக்கிறவனுக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, இனி விலக்கிய கணக்கு. இங்கே நான் பாலா பக்கம்தான்.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். மாசித் திருவிழாக் கச்சேரிக்குப் புறப்பட பஸ் ஸ்டாண்டில் கிட்டாரோடு நிற்கிறேன். வேன் வந்தது. உள்ளே என் இடத்தில் வேறு ஒரு பையன். தலைவர் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தபலாக்காரர் இறங்கி வந்து, “அண்ணே, உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்றார். அந்த ஆள் வாசிப்பை இன்றைக்கும் மதிக்கிறேன். அன்று அவர் என் முகத்தைப் பார்க்காததை மட்டும் மறக்க முடியவில்லை.

அதனால்தான் எல்ஃப் ஆட்களை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. டியோ பிரிந்தது கொஞ்சம் வேறு மாதிரி. பிளாக்மோருக்கு ரேடியோவில் ஒலிக்கிற பாட்டு வேண்டியிருந்தது, டியோவுக்கு டிராகனும் மந்திரவாதியும் வேண்டும். டியோ போய் பிளாக் சபாத்தில் சேர்ந்தார். இவர் கிரகாம் பானெட்டை வைத்து ‘சின்ஸ் யூ பீன் கான்’ போட்டார், இங்கிலாந்தில் 6ஆம் இடம். 1981இல் டர்னரோடு ‘ஐ சரண்டர்’ 3ஆம் இடம். வியாபாரத்தில் அவர் கணக்குத் தப்பவில்லை. ஆனால் ‘ஸ்டார்கேசர்’ மாதிரி ஒன்று அதற்குப் பிறகு ரெயின்போவில் வரவே இல்லை. அந்தக் குரலை விட்டது பெரிய தவறு என்றுதான் எனக்கு இன்றுவரை படுகிறது.

மேடைக் கோபமும் இதே கணக்கில்தான் வருகிறது. 1974 ஏப்ரல் 6, கலிபோர்னியா ஜாம். பொழுது சாய்ந்த பிறகுதான் மேடை ஏறுவோம் என்பது பர்ப்பிளின் பேச்சு. விழா நேரத்துக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்ததால், உடனே ஏறுங்கள் என்று நெருக்கினார்கள். இவர் அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது நியாயம்தான், ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதானே. ஆனால் கடைசியில், பக்கத்தில் வந்த டிவி கேமராவைக் கிட்டாரின் கழுத்தாலேயே குத்திக் குத்தி உடைத்தார். ஆம்ப் மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்த வைத்தார், நினைத்ததைவிடப் பெரிதாக வெடித்தது. குழு ஹெலிகாப்டரில் தப்பிப் போக வேண்டியதாயிற்று. அதைப் பார்த்து நானும் இருபது வயதில் கைதட்டியிருக்கிறேன். இப்போது பார்த்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்தான் கண்ணில் படுகிறார். அவர் சம்பளத்துக்கு வந்தவர். 1977இல் வியன்னாவில் ஒரு காவலாளியை உதைத்து, சில நாள் கம்பி எண்ணிவிட்டு வந்து மியூனிக்கில் வாசித்தார். டிவியில் பதிவான அந்தக் கச்சேரியில் வாசிப்பு தீயாக இருக்கிறது. அதற்காக உதைத்தது சரியாகிவிடுமா?

1993 நவம்பர் 9, பர்மிங்ஹாம் என்.இ.சி. அரங்கம். வீடியோ பதிவு நடக்கிறது. முதல் பாட்டு ‘ஹைவே ஸ்டார்’ ஆரம்பித்துவிட்டது, கிட்டார்காரரைக் காணோம்! நடுவில் வந்தார், கொஞ்சம் வாசித்தார், மறுபடி கேமராக்காரர் மேல் தண்ணீரை வீசினார். எட்டு நாள் கழித்து ஹெல்சிங்கியில் பர்ப்பிளோடு கடைசியாக வாசித்துவிட்டு விலகினார். ஜப்பான் கச்சேரிகளை ஜோ சாட்ரியானி வந்து காப்பாற்றிக் கொடுத்தார்.

விலகியதற்காக அவரை வணங்குவேன். தண்ணீர் வீசியதற்காக வணங்க மாட்டேன். இரண்டையும் செய்தது ஒரே கை.

கேசட்_காலம் எழுதியது:

மெல்லிசை_கிட்டார் அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பஸ் ஸ்டாண்டு விஷயம் மனசைப் பிசைந்துவிட்டது.

ஒன்று சேர்க்கிறேன். 1997இல் பாடகி காண்டிஸ் நைட்டோடு ‘ஷேடோ ஆஃப் தி மூன்’ போட்டதைப் பலர் சரிவு என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஸ்டேடியத்தை விட்டுவிட்டுக் கோட்டைகளிலும் சிறு அரங்குகளிலும் வாசிக்கிறார். ஊர்சுற்றிப் பாணர்கள் வாசித்த மெட்டுகள். முதல் ஆல்பத்தில் ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் வந்து ஒரு பாட்டுக்குப் புல்லாங்குழல் ஊதியிருக்கிறார். 25 வருடத்துக்கும் மேலாக அதிலேயே நின்றுவிட்டார், அதே பாடகியோடு. 2008இல் கல்யாணமும் ஆயிற்று. நிலையில்லாதவர் என்று சொல்கிற எல்லோரும் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. ஜான் லார்ட் 2012இல் இறந்தார். அடுத்த வருட ஆல்பத்தில் பிளாக்மோர் அவருக்காக ஒரு வாத்திய இசை வைத்தார், ‘கேரி ஆன் ஜான்’. பாட்டு வரி கிடையாது. சண்டை போட்ட குழுவின் ஆர்கன்காரருக்கு அந்தக் கிட்டார் சொல்கிறதை எந்தப் பேட்டியிலும் அவர் சொன்னதில்லை.

ஆறாம்தந்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விலகியது, விலக்கியது என்று பிரித்தது எனக்கு ரொம்ப உதவியாக இருக்கிறது. 2016இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவுக்குக்கூட அவர் வரவில்லை என்று படித்தேன். அதே வருடம் ரெயின்போ பெயரில் மறுபடி ராக் வாசித்தாரே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? காசுக்காகவா?

மெல்லிசை_கிட்டார் எழுதியது:

காசுக்காக என்றால் வருடம் முழுக்கச் சுற்றியிருப்பார். அந்த ஜூன் மாதம் அவர் வாசித்தது மூன்றே இரவு. ஜெர்மனியில் இரண்டு, அப்புறம் பர்மிங்ஹாமில் ஒன்று. ரோனி ரொமேரோ என்று சிலியில் பிறந்த பாடகர். பிளாக்மோருக்கு 71 வயது, விரலில் பழைய வேகம் இல்லை. இணையத்தில் அதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்த மெதுவான விரல்களைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

பர்மிங்ஹாம் கச்சேரி நடந்தது ஜென்டிங் அரீனாவில். பெயர்தான் அப்போது வேறு. 1993இல் தண்ணீர் வீசிவிட்டுப் போன அதே என்.இ.சி. அரங்கம்தான் அது. 23 வருடம் கழித்து அதே மேடை. இந்த முறை கடைசிப் பாட்டு வரைக்கும் நின்றார்.

அப்புறம் தம்பி, உன் ரிஃப். பிக் வைத்துக் கீழ்நோக்கி அடித்துத்தானே வாசிக்கிறாய்? எல்லோரும் அப்படித்தான் பழகுகிறார்கள், அதனால்தான் கரகரவென்று கேட்கிறது. பிக்கைக் கீழே வை. நாலாவது, மூன்றாவது ஸ்ட்ரிங் இரண்டையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒன்றாகக் கிள்ளு. முதலில் எதையும் அழுத்தாமல் திறந்தபடி, அடுத்து மூன்றாம் ஃபிரெட், அடுத்து ஐந்து. இரண்டு சுரமும் ஒரே நொடியில் எழும்ப வேண்டும். அவர் அப்படித்தான் வாசித்தார். இன்றைக்குச் செய்து பார்த்துவிட்டு எப்படிக் கேட்கிறது என்று எழுது.