குளிரில் கரப்பான் பூச்சி அசைவற்றுப் போவது ஏன்? நரம்பு செல்லும் வெப்பநிலையும்

கேள்வி: விலங்கியல் ஆசிரியை

நரம்பு மண்டலப் பாடத்துக்காக ஒரு கரப்பான் பூச்சியை டப்பாவில் அடைத்துப் பனிக்கட்டிகளுக்கு நடுவே வைத்தேன். சிறிது நேரத்தில் அது கால்களை மடக்கி, தொட்டாலும் அசையாமல் கிடந்தது. மேசைமீது எடுத்து வைத்த பிறகு முதலில் உணர்கொம்பின் நுனி நடுங்கியது, அடுத்து ஒரு கால் உதறியது, சற்றைக்கெல்லாம் ஓடியே விட்டது. குளிரில் வேதிவினைகள் மெதுவாகும் என்று மாணவர்களிடம் விளக்கினேன். "அப்படியானால் மெதுவாகத்தானே நடக்க வேண்டும், ஏன் அடியோடு நிற்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னால் விடை சொல்ல இயலவில்லை. இத்தகைய உயிர்களின் நரம்பு செல்லில் வெப்பநிலை மாறும்போது நிகழ்வது என்ன?

பதில்: உடலியங்கியல் ஆய்வு மாணவர்

அம்மா, உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். மெதுவாவது வேறு, அணைந்துபோவது வேறு.

மெதுவாவதைக் கணவாய் மீனின் பெரும் நரம்பிழையில் தெளிவாகப் பார்க்கலாம். 1952-இல் பிரிட்டிஷ் உடலியங்கியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புத் துடிப்புக்கான சமன்பாடுகளை வெளியிட்டபோது 6.3 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டு, வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அயனிக் கால்வாய்கள் (செல்லின் சவ்வில் சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னூட்டத் துகள்கள் கடக்கும் வாயில்கள்) திறந்து மூடும் வேகம் 3 மடங்காகும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் திறந்த கால்வாய் வழியே அயனி பாயும் அளவு அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே குளிரில் துடிப்பு நீள்கிறது, அதன் உயரமோ குறைவதில்லை. வெப்பத்தில் சோடியம் உள்ளே புகுந்து மின்னழுத்தத்தை முழுதாக உயர்த்துவதற்குள் பொட்டாசியம் வெளியேறத் தொடங்கிவிடுவதால், துடிப்பு குறுகிச் சிறுத்து, ஒரு கட்டத்தில் இழை நெடுகப் பரவ முடியாமல் போகிறது.

பூச்சி அணைந்துபோவதற்குக் காரணம் சோடியம்-பொட்டாசியம் பம்பு, அதாவது சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கும் சவ்வுப் புரதம். குளிரில் அது தளர்ந்துவிட, அயனிகளின் கசிவு மட்டும் தொடர்கிறது. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் சேர்ந்து, சவ்வின் மின்னழுத்த வேறுபாடு சரிகிறது. அந்நிலையில் சோடியம் கால்வாய்கள் செயலிழந்து பூட்டிக்கொள்வதால் புதிய துடிப்பு எழ வழியில்லை. சூடு திரும்பியதும் பம்பு மீண்டும் ஓடி அயனிகளைப் பழைய இடத்தில் சேர்க்கிறது. உணர்கொம்பு முதலில் நடுங்கியதாக நீங்கள் எழுதியது இந்த மீட்சியின் தொடக்கம்தான்.

பதில்: கடல்வாழ் உயிரியல் படித்தவர்

மேலே சொன்னது தனிச் செல்லின் கதை. பல செல்கள் முறை வைத்துத் துடிக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு கால்வாயும் வெவ்வேறு அளவில் வேகம் மாறினால் அந்த முறையே குலைந்துபோக வேண்டும் அல்லவா? என்னைப் பல ஆண்டுகளாக ஈர்த்து வைத்திருப்பது இந்தக் கேள்விதான்.

அட்லாண்டிக் கடலின் ஜோனா நண்டுக்கு இரைப்பையை இயக்கும் ஒரு நரம்பு முடிச்சு உண்டு. அதில் சுமார் 30 செல்களே உள்ளன. அதைப் பிரித்தெடுத்து உப்புக் கரைசலில் வைத்தாலும், உணவை வடிகட்டும் தசைகளுக்கான மூன்று கட்டத் தாளத்தை அது விடாமல் எழுப்புகிறது. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டரின் குழு இந்த முடிச்சை 7 டிகிரியிலிருந்து 23 டிகிரி வரை சூடாக்கியது. 2010-இல் வெளியான அந்த ஆய்வில், தாளத்தின் வேகம் ஏறத்தாழ 4 மடங்கு கூடியபோதும் ஒரு சுற்றுக்குள் எந்தச் செல் எந்தப் பங்கில் தொடங்கி எந்தப் பங்கில் முடிக்கிறது என்பது மாறவில்லை. பாடகர் காலத்தை விரைவுபடுத்தினாலும் தாளத்தின் அங்கங்கள் அதே விகிதத்தில் நிற்பதைப் போன்றது இது. ஒன்றையொன்று எதிர்க்கும் மின்னோட்டங்கள் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவில் விரைவதுதான் இதற்கு அடிப்படை என்று அவர்கள் கண்டார்கள். நாளுக்கு நாள் நீரின் வெப்பம் மாறும் கடலில் வாழும் உயிருக்கு இது இன்றியமையாதது.

மறுமொழி: விலங்கியல் ஆசிரியை

மிக்க நன்றி. 23 டிகிரிக்கு மேல் போனால் அந்த நண்டின் தாளம் என்னவாகும்?

பதில்: கடல்வாழ் உயிரியல் படித்தவர்

மேலும் சூடாக்கும்போது ஒரு கட்டத்தில் தாளம் குலைகிறது, குளிர்வித்தால் மீள்கிறது. குலையும் விதம் நண்டுக்கு நண்டு வேறுபடுகிறது என்பதை மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். மிதமான வெப்பத்தில் வேறுபாடே தெரியாத இரண்டு நண்டுகளில், ஒன்றின் தாளம் அடியோடு நின்றுவிடலாம், மற்றொன்றின் செல்கள் முறை தவறித் துடித்துக்கொண்டிருக்கலாம். ஒரே தாளத்தை அவை வெவ்வேறு அளவுள்ள கால்வாய்களைக் கொண்டு அமைத்திருந்தது அப்போதுதான் வெளிப்படுகிறது.