கஞ்சாவுக்கு அடிமையாக மாட்டோம் என்கிறான் தம்பி. சிகரெட், மதுவோடு ஒப்பிட்டால் இது உண்மையா?

மழைக்காகம்:
என் தம்பிக்கு 24 வயது. மூன்று வருஷமாகத் தினமும் கஞ்சா புகைக்கிறான். "குடிக்கிறவனுக்குக் கை நடுங்கும், சிகரெட்காரனால் விடவே முடியாது. இதில் அந்தத் தொல்லை கிடையாது, நினைத்தால் நாளைக்கே விடுவேன்" என்பான். போன வாரம் கெஞ்சிக் கேட்டதும் சரி என்று நிறுத்தினான். இரண்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். மூன்றாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால், கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறான். சட்டைக் கழுத்தெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. நாலாம் நாள் மறுபடி ஆரம்பித்துவிட்டான். கேட்டால், "அதெல்லாம் மனசு, உடம்புக்கு ஒன்றும் இல்லை" என்கிறான். இதில் எவ்வளவு உண்மை? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவனிடம் சரியாகப் பேச வேண்டும்.

இரவுஷிப்ட்_நர்ஸ்:
போதை மீட்பு வார்டில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஒருமுறையாவது தொட்டவர்களில் அடிமை நிலைக்குப் போனவர்கள் புகையிலையில் 32%, மதுவில் 15%, கஞ்சாவில் 9%. ஆனால் அந்த 9%, என்றோ ஒருநாள் ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறந்துபோனவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. தினமும் புகைப்பவர்களை மட்டும் எடுத்தால் விகிதம் நன்றாக ஏறிவிடும்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பது தவறு. மூளையில் சிபி1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. கஞ்சாவில் உள்ள டிஹெச்சி போய் ஒட்டுவது அவற்றில்தான். தினமும் வந்துகொண்டே இருந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தும்போது தூக்கம், பசி, பொறுமை மூன்றும் சேர்ந்து கெடும். வியர்வையும் அதில் சேர்த்திதான். முதல் வாரம்தான் கடினம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் எடுக்கலாம். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 மனநல மருத்துவக் கையேட்டில் இதை முறையாகவே சேர்த்துவிட்டார்கள். தம்பி நாலாம் நாள் தோற்றது மன பலம் இல்லாமல் அல்ல, மிக மோசமான கட்டத்தில் தனியாக இருந்ததால்.

அப்புறம் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கஞ்சாவை நிறுத்துவதால் உயிர் போகாது. மது அப்படி இல்லை. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், சாவும் வரலாம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டே இருந்த ஒருவரின் கையை நான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பழையபுகை:
அக்கா, நான் சிகரெட், கஞ்சா இரண்டையும் விட்டவன். முதலில் ஒரு கேள்வி. தம்பி எதோடு கலந்து புகைக்கிறான்?

நான் சிகரெட்டை இரண்டு விரலில் உருட்டி உருட்டி, உள்ளே இருக்கும் புகையிலையை உள்ளங்கையில் கொட்டுவேன். பாதியை எடுத்துப் போட்டுவிட்டு, மீதியில் கஞ்சாவைப் பிசைந்து அதே தாளுக்குள் திரும்ப அடைப்பேன். "நான் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை" என்று எல்லோரிடமும் சொல்வேன், மனதார நம்பியும் இருந்தேன். நாளைக்கு நாலு சுருட்டினால் இரண்டு சிகரெட் புகையிலை உள்ளே போகிறது என்று தோன்றவே இல்லை. நிறுத்தியபோது இரண்டும் ஒரே நாளில் நின்றன. எந்த வேதனை எதனுடையது என்றே பிடிபடவில்லை, ஐந்தாம் நாள் தோற்றேன். அடுத்த முறை நிகோடின் சூயிங்கத்தோடு நிறுத்தினேன். பகலில் வரும் எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. தூக்கம்தான் 12 நாள் வரவில்லை.

இன்னொன்று. சிகரெட் மணிக்கொரு தரம் கூப்பிடும், அதனால் அடிமை என்று நமக்கே தெரிந்துவிடும். கஞ்சா என்னைச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே தடவைதான் கூப்பிட்டது. அந்த ஏழு மணிக்காக நான் எங்கும் போகாமல் ஆனேன். அண்ணன் மகளின் பிறந்தநாளில் கேக் வெட்டுவதற்கு முன்பே கிளம்பி வந்தவன் நான். அதை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது, 9% கணக்கை வைத்து அல்ல.

மழைக்காகம்:
நேற்று ராத்திரி கேட்டேன். பாதிக்குப் பாதி புகையிலை என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, "காலையில் எழுந்ததும் தேடுவது அதைத்தானோ" என்றான். அடுத்த வாரம் மறுபடி நிறுத்திப் பார்க்கிறேன் என்கிறான். மூன்றாம் நாள் ராத்திரி நானும் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். தூக்கத்துக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

இரவுஷிப்ட்_நர்ஸ்:
நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தூக்க மாத்திரைகளில் பலவும் பழக்கமாகிவிடும். நிறுத்துவதற்கு முன்பே அவனை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நாளைக்கு எத்தனை, எந்த நேரத்தில், புகையிலை எவ்வளவு என்று அவனையே ஒரு தாளில் எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள்.