தாத்தாவின் ஸ்லைடுகளுக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். தாத்தா விட்டுச்சென்ற 35 மி.மீ. ஸ்லைடுகள் (சட்டத்தில் பொருத்திய பிலிம் படங்கள்) மூன்று பிஸ்கட் டின்களில் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், 640. மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில் காவடி, பாட்டியின் பச்சைப் புடவை, கேட்டோ மேனரில் எங்கள் பழைய தகர வீடு. நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் போன வீடு அது. வேறு படமே எங்களிடம் இல்லை.

இந்த ஊர் ஈரக்காற்றில் சிலவற்றில் பூஞ்சை படரத் தொடங்கிவிட்டது. சோதனைக்காக ஒரு கடையில் பத்து ஸ்லைடுகளைக் கொடுத்தேன். காவடியின் மயில்தோகை சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தது!

ஆகவே நானே செய்துவிடலாம் என்றிருக்கிறேன். எப்சன் வி600 ஸ்கேனர் ஒரே முறையில் நான்கு ஸ்லைடுகளை எடுக்கும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளி) நுணுக்கம் உண்மையில் கிடைக்காது. பிளஸ்டெக் 8200i ஸ்கேனர் கூர்மையானது. ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்த வேண்டும். 640 தடவை! என் பொறுமையை நான் அறிவேன்.

ஸ்லைடுகளில் பாதிக்குமேல் கோடாக்ரோம் என்ற பழைய கோடாக் வண்ணப் பிலிம். அகச்சிவப்பு முறையில் தூசி நீக்கும் வசதி கோடாக்ரோமில் தடுமாறும், படத்தின் கருமையான பகுதியையே தூசியென்று எண்ணி அழித்துவிடும். அப்படியானால் அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்தானே? மேக்ரோ லென்ஸ் வைத்துக் கேமராவிலேயே எடுத்தவர்கள் யாராவது உண்டா? நிறம் எப்படி வந்தது?

பூஞ்சையை எதைக்கொண்டு துடைப்பது என்பதையும் சொல்லுங்கள். அதுவரை டின்களைத் திறக்கப் போவதில்லை.