தவறான உள் இலக்கம் அழுத்தினால் அழைப்பு அறுந்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்துக்கு அஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளில் தானியங்கி வரவேற்பு அமைத்திருக்கிறேன். உள் இலக்கங்கள் 101 முதல் 112 வரை. 250 அழுத்தினால், தவறான இலக்கங்களைக் கையாளும் 'ஐ' (i) எக்ஸ்டென்ஷன் சரியாகப் பிடித்து, "இலக்கம் தவறு" என்று சொல்லி மெனுவுக்குத் திருப்புகிறது. ஆனால் 150 அழுத்தினால் அழைப்பு அப்படியே அறுந்துவிடுகிறது. 1-இல் தொடங்கும் எல்லா மூன்றிலக்க எண்களுக்கும் ஒரே பேட்டர்ன் (பொது வடிவம்) எழுதியிருப்பதால் 150-உம் அதில் பொருந்திவிடுகிறது, 'ஐ' பக்கம் போவதேயில்லை.

டயல் கட்டளைக்குப் பிறகு, அழைப்பு என்ன ஆனது என்று காட்டும் டயல்ஸ்டேட்டஸைப் பார்த்துத் திருப்பிவிடலாமா, இல்லை ஒவ்வொரு இலக்கமாக எழுதுவதா? ஆட்கள் அடிக்கடி மாறும் இடம், அதனால் எனக்கு முதலாவதுதான் விருப்பம். மூன்று தரம் தவறினால் வரவேற்பாளருக்குப் போகவும் வேண்டும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வயதானவர்களும் எடுக்கிறார்கள். அழைப்பு அறுந்ததால் அவர்கள் பஸ் ஏறி அலையக்கூடாது. மாதிரி வரிகள் இருந்தால் போட்டுவிடுங்கள்.