சதுப்பு நிலத்துக்கு கிரெடிட் கெடைக்குமா?

எண்ணூர்க்காரன்:
அத்திப்பட்டு பக்கம் எங்க தாத்தா வாங்கிப்போட்ட ஒன்றரை ஏக்கர் இருக்கு. முன்னாடி உப்பளம், இப்ப முழங்கால் ஆழத்துக்கு சேறு. ஓரமா அலையாத்தி தானா முளைக்குது. அமெரிக்காவுல இருக்குற அக்கா புள்ள, "மாமா, இங்க இப்படி நிலத்தை சீர்படுத்தி கிரெடிட் விக்கிறாங்க"ன்னான். நமக்கும் உண்டா? பிளாட் போடச்சொல்லி புரோக்கர் வேற வாசல்லயே நிக்கிறான்.

மணலி_சேகர்:
அண்ணே, அவன் சொல்றது அந்த ஊர் சட்டம். 1972 சுத்தமான நீர்ச் சட்டத்தோட 404-வது பிரிவு. ஒருத்தன் சதுப்பை மூடி கட்டடம் கட்டணும்னா, ஈடா வேற சதுப்பு காட்டணும். அதைத் தயார்பண்ணி வெச்சிருக்குறவன்கிட்ட கிரெடிட் வாங்கிக்கலாம். 2008-ல விதிகளை இறுக்கினாங்க. கிரெடிட்டை மொத்தமா குடுக்க மாட்டாங்க. தண்ணி ஓட்டம் திரும்புச்சா, செடி புடிச்சுதான்னு பாத்துப்பாத்து கொஞ்சங்கொஞ்சமா விடுவாங்க. நிலத்துல இனி எதுவும் கட்டமாட்டேன்னு நிரந்தரமா எழுதியும் குடுக்கணும்.

எண்ணூர்க்காரன்:
நிரந்தரமாவா! எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. சரி, இங்க?

காட்டுக்குப்பம்_பொண்ணு:
இங்க 2023 அக்டோபர்ல மத்திய அரசோட பசுமைக் கிரெடிட் விதிகள் வந்துச்சு, சுற்றுச்சூழலுக்கு நல்லது செஞ்சா கிரெடிட் குடுக்குற திட்டம். எந்தெந்த வேலைக்கு கிரெடிட்னு இருக்குற பட்டியல்ல அலையாத்தியும் இருக்கு. ஆனா முதல்ல வழிமுறை வந்தது பாழான வனநிலத்துல மரம் நடத்தான். அதை நம்பி கடன் வாங்காதீங்க. ஒண்ணு, செடி வாங்கி நடாதீங்க. ஓத தண்ணி வந்துபோக வாய்க்கால் வெட்டுங்க, விதை அதுவே வரும். எங்கப்பா இறால் புடிச்ச இடத்துல இப்ப அனல்மின் நிலையச் சாம்பல்தான் படிஞ்சிருக்கு, அதுக்கு யாரு கிரெடிட் குடுக்குறது?

எண்ணூர்க்காரன்:
வாய்க்கால் வெட்டுறேன் தங்கச்சி. புரோக்கருக்கு இன்னிக்கி டீ கெடையாது.