சிஏ 125 அளவு 58: தங்கைக்குப் புற்றுநோயா?

முகில்வாணன்:
தங்கைக்கு வயது 34. அலுவலகத்தில் எடுத்த முழு உடல் பரிசோதனையில் சிஏ 125 என்ற இரத்தப் புரதத்தின் அளவு 58 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. 35க்குள் இருக்க வேண்டுமாம். இணையத்தில் தேடினால் முதல் வரியே சினைப்பைப் புற்றுநோய். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கிடையே, நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட எங்கள் பெரியப்பாவுக்கு ஏதோ குறிப்பான் (நோயின் தன்மையைக் காட்டும் அடையாளம்) பரிசோதனையின் முடிவு வராமல் சிகிச்சையைத் தொடங்க மாட்டேன் என்கிறார் மருத்துவர். தங்கையிடம் "இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்கிறார்கள். அங்கே அதற்காகவே காத்திருக்கிறார்கள். எதை நம்புவது?

பவளமல்லி:
எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். பல ஆண்டுகளாக என் சிஏ 125 35ஐத் தாண்டித்தான் இருக்கிறது. தங்கைக்கு மாதவிடாய் வலி அதிகமா? இரத்தம் கொடுத்தது எந்த நாளில்?

முகில்வாணன்:
கேட்டேன். மாதவிடாயின் இரண்டாம் நாளாம். வலியில் சுருண்டு படுப்பது அவளுக்கு வழக்கம்தான்.

சோதனைக்குழாய்:
அந்தச் சிவப்பு எழுத்தை அச்சடிப்பது என்னைப் போன்ற ஆய்வகக்காரர்கள்தான், ஆகவே கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். சிஏ 125 புற்றுநோய்ச் செல்லின் தனிச்சொத்து அல்ல. மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், இடுப்பறைத் தொற்று, கல்லீரல் நோய், வயிற்றுக் காசநோய் எல்லாவற்றிலும் கூடும். மறுபுறம், தொடக்கநிலைச் சினைப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர்வதே இல்லை. பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: ஆண்டுதோறும் இதை அளந்து பார்த்தும் அந்நோயால் நேரும் இறப்பு குறையவில்லை. அப்படியிருக்க, 34 வயதுப் பெண்ணின் பொதுப் பரிசோதனைப் பட்டியலில் இதைச் செருகுவானேன்? பட்டியலை நீட்டிக் காட்டத்தான் என்பது என் எண்ணம்.

அதற்காக அறிக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, இடுப்புப் பகுதி ஸ்கேன் எடுக்கட்டும். அந்த வலிக்கே அது தேவை. நெருங்கிய உறவில் யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்; இவற்றின் பரம்பரை ஆபத்தைக் காட்டும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

பெரியப்பா விஷயம் முற்றிலும் வேறு. அவருக்கு நோய் உறுதியாகிவிட்டது. எந்த மருந்து என்பதுதான் கேள்வி. பயாப்சியில் எடுத்த திசுவில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணுக்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். மாறியிருந்தால், கீமோ இல்லாமல் மாத்திரையிலேயே தொடங்கும் வாய்ப்பும் உண்டு. இஜிஎஃப்ஆருக்கு ஒசிமெர்டினிப் அப்படிப்பட்ட மாத்திரை. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற புரதம் மிகுதியா என்று பார்த்து டிராஸ்டுசுமாப் மருந்து கொடுப்பது 1998 முதல் நடக்கிறது. பெருங்குடல் புற்றுநோயில் கேராஸ் என்ற மரபணு மாறியிருந்தால் செட்டுக்சிமாப் மருந்து தனியாகப் பலிக்காது. முன்கூட்டியே தெரிந்தால் வீண் பக்கவிளைவு மிச்சம். திசு போதவில்லை என்றால் இரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் டிஎன்ஏவைத் தேடலாம். ஆனால் அதில் "இல்லை" என்று வந்தால் அப்படியே நம்பிவிட முடியாது. மருத்துவர் பொறுத்திருக்கச் சொன்னால் பொறுத்திருங்கள்.

நடைபயணி:
இரத்தக் குறிப்பானை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குச் சிஇஏ என்ற இரத்தக் குறிப்பான் மெல்ல ஏறிக்கொண்டே போனது. அதனால்தான் ஸ்கேன் எடுத்தார்கள்; கல்லீரலில் இருந்த சிறு கட்டி அகப்பட்டது. அதையும் அகற்றிவிட்டார்கள்.

சோதனைக்குழாய்:
ஒப்புக்கொள்கிறேன், சிஇஏவின் சரியான இடம் அதுதான். புகைப்பவர்களுக்கு நோய் இல்லாமலே சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால், ஒரே எண்ணைவிட ஏற்ற இறக்கம்தான் முக்கியம். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள்; கருவி மாறினால் எண்ணும் மாறும். முடி வளரப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது முடிவையே திரித்துவிடும்.